செத்துப்போன கர்னல் என் சமையற்கட்டில் இருக்கிறார்

சோலோபுகு,
வெள்ளிக்கிழமை காலை

வானொலி நிலையத்துச் செய்தி ஆசிரியர் அவர்களுக்கு, நியாகலே கெய்தா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கழுதையும் சுகம். நீங்களும், உங்கள் மனைவிமாரும், வாசல் காவலாளியும் சுகமாயிருக்க அல்லாவை வேண்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை பொறுக்கவும்.

பாலத்துச் சண்டையில் தோற்ற கர்னல் சினாலி குலிபாலி செத்துவிட்டார் என்று நேற்றுச் சாயங்காலச் செய்தியில் வாசித்தீர்கள். செத்தவர் என் சமையற்கட்டில் மூன்றாவது தட்டுப் பயறு தின்கிறார்.

நேற்று மத்தியானம் ஓர் ஆள் வந்து தண்ணீர் கேட்டான். ஆட்டு வியாபாரி, பேர் கூயாத்தே என்றான். கூட ஒரு ஆடு கிடையாது, காலிலோ பட்டாளத்து பூட்ஸ். எனக்கு மனசு குறுகுறுவென்றது, யாராயிருக்கும்? கேட்டால் சொல்வானா? பேசாமல் பயறு போட்டு, வாயில் வைக்கிற நேரம் பார்த்து, "இந்தக் குலிபாலிக் கூட்டம் இருக்கே, பயறு வாசனை வந்தா பெத்த தாயையே அடகு வெச்சிடுவானுங்கப்பா" என்றேன். முழுங்கினான். "பாலத்துல தோத்தவன்கூட, பயறு வெந்துடுச்சுன்னு யாரோ கத்தினதாலதான் ஓடினானாம்" என்றேன். தட்டை டங்கென்று வைத்தான். "யாரைச் சொல்றே கிழவி? கெய்தாக்கள்தான் பயறுப் பானைக்குள்ளயே பொறந்தவங்க! உங்க பாட்டன் எங்க வீட்டுல பானை கழுவினவன்!" சொன்ன பிறகு வாயைப் பொத்தி என்ன பிரயோசனம்? கெய்தா குலமும் குலிபாலி குலமும் பரம்பரைக் கேலிமுறைக்காரர்கள், கெய்தா வைதால் குலிபாலி திருப்பி வைதே ஆகவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கதவைத் தாழிட்டு, அவனைத் தோற்கடித்த பட்டாளத்தில் கார்ப்பரலாயிருக்கிற என் பேத்தி தெனேக்கு ஆள் அனுப்பினேன். பொன்னான பிள்ளை, நாலு சிப்பாயோடு வந்தாள்.

அதில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கி, "ரேடியோவே செத்துட்டாருன்னு சொல்லியாச்சு பாட்டி, பொய்யாக்கலாமா?" என்கிறான்! நான் குறுக்கே நின்று, "இவன் என் பயறுதின்னிடா. நான் வைவேன், ஒருத்தரும் தொடக்கூடாது. கேலிமுறைக்காரன் ரத்தம் கெய்தா வீட்டுல விழுந்தா நாங்க உருப்படுவோமா? தெனே, நீயும் கெய்தாதானேடி?" என்றேன். துப்பாக்கியை இறக்க வைத்தாள்.

ஆனால் நாளைக்கு அவர்கள் மேஜர் வருகிறார். அவர் கெய்தா இல்லை. செத்ததாகச் சொன்னவனைச் சுட்டால் கேட்பதற்கு ஆளேது? அதனால் தம்பி, இன்று மத்தியானச் செய்தியிலேயே கர்னல் உயிரோடு பிடிபட்டார், பிடித்தது கார்ப்பரல் தெனே என்று ஊரறிய வாசித்துவிடுங்கள். அப்புறம் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடுதாசியைக் கொண்டுவரப் படகுக்காரன் காத்திருக்கிறான்.

உங்கள் குரல் கம்மாமல் நூறு வயது இருக்கட்டும்.

நியாகலே கெய்தா

பின்குறிப்பு: எழுதியதைத் திருப்பி வாசிக்கும்போதுதான் உறைத்தது, நான் கெய்தா என்று அவனிடம் சொல்லவேயில்லை. போய்க் கேட்டேன். "ஆத்தங்கரையில விசாரிச்சு, கெய்தா வீடு எதுன்னு தேடித்தான் வந்தேன் கிழவி. வேற எந்த வீட்டுல எனக்காகக் குறுக்கே நிப்பாங்க?" என்று தட்டை நீட்டுகிறான். இதை மட்டும் வாசிக்காதீர்கள், தெனேக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருக்கிறது.