கிசிலோர்தா ரயிலில் காற்று வாங்கிய கதை

ஜன்னல் திறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கிசிலோர்தாவில் ஏறும்போதே பெட்டி ஜூலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. குளிர்சாதனம் உறுமியது. காற்று மட்டும் வரவில்லை. ஐம்பது பேரின் காலுறைகள் ஒரே நேரத்தில் பேசின. அக்தொபே போய்ச் சேருவதற்குள் நான் ஆவியில் வெந்த கொழுக்கட்டை ஆகிவிடுவேன்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ராபிகா. ஜன்னல் சாவி அவள் பையில்.

"திற, கண்ணு."

"மாட்டேன் தாத்தா. காத்து பட்டு முதுகு பிடிச்சுக்கிட்டா உங்க பிள்ளைங்க என்னை உரிச்சிருவாங்க. வயசானவங்க பக்கத்துல நான் திறக்கறதே இல்ல."

என் மனைவி உம்சின் டீயை ஊதினாள். "நான் கேட்டுப் பாக்கட்டா?"

"நீ டீயைக் குடி. இது ஆம்பளை வேலை."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். மூச்சுத் திணறுகிறவனுக்கு ஜன்னலைத் திறக்காமல் என்ன செய்வார்கள்?

காற்றுப் பட்டால்தான் நோயே வரும் என்று நம்புகிற இந்த நாட்டில் எழுபது வருஷம் வாழ்ந்தவன் இப்படி யோசித்திருக்கக் கூடாது. ராபிகா ஓடிவந்து நடைவழிக் கதவையும் சாத்தினாள். யாரோ ஒட்டகக் கம்பளிச் சால்வை கொடுத்தார்கள். அதன்மேல் இரண்டு போர்வை.

உம்சின் ஒரு பார்வை பார்த்தாள். என் பொய்களை நாற்பது வருஷமாகத் துவைத்துக் காயப்போடுகிறவள்.

"பாவம், நெஞ்சுச் சளி," என்றாள். "ராபிகா, இங்க கொஞ்சம் காத்து வருதே. காத்தே படாத இடம் இருக்காம்மா?"

"விரிப்பு வைக்கிற அறை இருக்கு பாட்டி. ஜன்னலே கிடையாது. பக்கத்துலயே வெந்நீர்க் கொதிகலன்."

"எனக்குச் சரியாயிடுச்சு கெழவி."

"இப்படித்தான் சொல்லுவார். எங்க மாமனாரும் இதையே சொல்லிட்டுத்தான் போய்ச் சேந்தார். சூடான பால்ல ஆட்டு வால்கொழுப்பு போட்டு மருந்தா அவருக்குக் குடும்மா."

இரண்டு பட்டாளத்துப் பையன்கள் என்னைச் சுருட்டித் தூக்கிப் போனார்கள். கொதிகலன் காதருகே கொதித்தது. பால் வந்தது. கொழுப்பு மிதந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உம்சின் குரல் கேட்டது.

"ராபிகா, அந்த ஜன்னல் இன்னும் எதுக்கு மூடியிருக்கு?"

"வயசானவங்க இருந்தா..."

"கெழவரைத்தான் தூக்கிட்டுப் போயாச்சே. இங்க மிச்சம் இருக்கறது இளசுங்கதானே."

ராபிகா பையைத் துழாவும் சத்தம் கேட்டது.

"அதுவும் சரிதான், அக்கா." பாட்டி அக்கா ஆகிவிட்டாள்.

சாவி திரும்பியது. பெட்டி மொத்தமும் பெருமூச்சு விட்டது. நான் வால்கொழுப்பை விழுங்கினேன்.

ஜன்னலைத் திறக்க வைத்தவள் உம்சின்.