மூன்றாம் பாகத்தில் என் மரணம் தொடர்பாக

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சு வேலை, அட்டைப்பட வேலை பார்க்கும் ஊழியர்கள் அனைவரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். அதே சமயம், தாங்கள் வெளியிட்டுவரும் இளையோருக்கான மாயாஜால நாவல் வரிசையால் என்னுடைய ஆரோக்கியம் கெட்டுவிட்டது என்பதையும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த நாவல்களை எழுதும் பெண்ணின் மாமனார் நான். மின்சாரத் துறையில், திருட்டு மின்சாரம் எடுப்பவர்களைப் பிடிக்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன். ஆகவே இதை வயதானவரின் பிதற்றல் என்று ஓரங்கட்டிவிட வேண்டாம்.

விஷயம் இதுதான். தங்கள் நாவலில் வரும் ஒளிவிழுங்கி என்ற கொடிய மாயாவி நான்தான்.

முதல் பாகம் வந்தபோது நான் படிக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் பறக்கிற பாம்பின்மேல் ஏறிப் போகிற கதையில் எனக்கென்ன வேலை என்று இருந்துவிட்டேன். இரண்டாம் பாகம் வந்த சமயம் காய்ச்சலில் படுத்திருந்தேன், கைக்கு வேறொன்றும் அகப்படவில்லை, எடுத்தேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒளிவிழுங்கி வருகிறான். அரண்மனையில் அறை அறையாகப் போய் எரிகிற விளக்கையெல்லாம் விழுங்குகிறான். சரி, கதைதானே என்று பக்கத்தைப் புரட்டினால், விழுங்குவதற்கு முன்னால் இரண்டு முறை கனைக்கிறான். சார், இரண்டு முறை! எந்த அறைக்குள் போவதானாலும் நான் இரண்டு முறை கனைத்துவிட்டுத்தான் போவேன், அது மரியாதை. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டுத்தான் வருவேன், அது பழக்கம். ஆள் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதும் ஒருமுறை அணைத்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், அது கைத்தவறு. இத்தனையையும் சேர்த்துத் தலையில் இரண்டு கொம்பையும் வைத்து, இடது காலை இழுத்து இழுத்து நடப்பான் என்றும் எழுதியிருக்கிறாள். என் இடது கால் ஏன் இழுக்கிறது தெரியுமா? ஒரு மாவுமில் மீட்டரைச் சோதிக்க ஏணியில் ஏறி விழுந்ததில். அதாவது அரசாங்கக் கடமையில்!

என் மனைவியிடம் காட்டினேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா? அவனுக்குக் கொம்பு இருக்கு, உங்களுக்கு முடியே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளும் உடந்தையோ என்று ஒரு கண் வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு முறைப்படி ஆய்வைத் தொடங்கினேன். மருமகள் காய்கறி வாங்கப் போகும் முக்கால் மணி நேரத்தில் அவள் எழுதும் அறைக்குள் போவேன். சுவர் முழுக்க இல்லாத நாட்டின் வரைபடம், அதன்மேல் கலர் கலராகத் துண்டுச் சீட்டுகள். மஞ்சள் சீட்டெல்லாம் என்னைப் பற்றியது. 'ஒ.வி. - மாடிப்படி - எத்தனை நொடி?' என்று ஒன்றில் இருந்தது. இரண்டே நாளில் கையில் போனை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்கிறாள். "மாமா, ஒரே ஒரு தடவை மாடிப்படி ஏறிட்டு எறங்குங்களேன்." ஏறினேன். "இப்ப கொஞ்சம் பதறி ஏறுங்க மாமா, யாரோ தொரத்துற மாதிரி." அதற்கும் ஏறினேன், சார், மூச்சு வாங்க வாங்க. அடுத்த வாரம் சாப்பிடும்போது, "மாமா, உங்களுக்கு எதப் பாத்தா ரொம்பப் பயம்?" என்றாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், பல்லி என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் மேசையில் கிடந்த மூன்றாம் பாகத்தின் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துப் பார்த்தால், ஒளிவிழுங்கி மாடிப்படியில் பதறி ஓடுகிறான், பின்னால் யானை உயரத்துக்கு ஒரு பல்லி! இருபதாம் அத்தியாயம் மேசையில் இல்லை. அதை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள்.

இதில் தங்கள் பங்கும் எனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை பால்கனியில் நின்று தங்களிடம்தான் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் துணி மடிப்பதுபோல நின்றேன். "அப்பிடி திடீர்னு காணாமப் போனா பிள்ளைங்க கேக்காதா சார்? ஒரு பொணமாவது வேணாமா?" என்றாள். பொணம்! கையில் இருந்த துண்டை நான் எத்தனை முறை மடித்தேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புத்தகப் பையைத் தூக்க நானும் போனேன். பேசி முடித்துவிட்டு, "மூணாவது பாகத்துல ஒளிவிழுங்கிய என்ன பண்ணலாம்?" என்று பிள்ளைகளைக் கேட்டாள். மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி "கொல்லுங்க!" என்றார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து நின்று, "டக்குனு கொல்லாதீங்க அக்கா, மெதுவா" என்றாள். மருமகள் சிரித்துக்கொண்டே அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் கடைசி வரிசையில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தண்ணீரையே எடுத்துக் குடித்துவிட்டேன்.

அவள் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கு முதலில் சந்தேகம் வந்ததே அதனால்தான். திருட்டு மின்சாரம் எடுக்கிற வீட்டில்தான் எங்களுக்கு நல்ல காபி கிடைக்கும். மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு, மனதில் இருப்பதையெல்லாம் அச்சில் ஏற்றுகிறாளோ? இந்த வீட்டில் நான் வேண்டாதவனாகிவிட்டேனா? நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவள் கையால் சாப்பிடுவேன்? மகள் வீட்டுக்கே போய்விடலாம் என்று பெட்டி கட்டிவிட்டேன்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது ஒன்றுதான். மூன்றாம் பாகத்திலிருந்து ஒளிவிழுங்கியை அடியோடு நீக்கிவிடுங்கள். சாகவும் வேண்டாம், திருந்தவும் வேண்டாம். ஆளே இல்லாமல் செய்துவிடுங்கள்.

தங்கள் பதிப்பகம் பல்கிப் பெருகவும், பிழை திருத்தித் திருத்தித் தங்கள் கண் மங்காமல் இருக்கவும் ஆசி கூறி முடிக்கிறேன். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வருபவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி மருமகளின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். இருபதாம் அத்தியாயம் அங்கேதான் இருந்தது. அதன் தலையில் தாங்கள் சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் பார்த்தேன்: 'ஒளிவிழுங்கி கதையை இழுக்கிறான். இந்தப் பாகத்தில் தேவையே இல்லை. முழுவதும் நீக்கவும்.' கீழே நீல மையில் மருமகள் எழுதியிருந்தாள்: 'முடியாது சார். மற்ற எல்லோரும் என் கற்பனை. இவர் ஒருவர்தான் உயிருள்ள மனிதர். பிள்ளைகள் கொல்லச் சொல்கிறார்கள், எனக்குத்தான் கை வரவில்லை. இவரை எடுக்கத்தான் வேண்டும் என்றால் புத்தகத்தையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.' நின்றபடியே மூன்று முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறையும் படித்தேன்.

யோவ், என்னை நீக்க நீ யார்? நானா கதையை இழுக்கிறேன்? மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது. என்னுடைய ஒரு வரியில் கை வைத்தாலும் உன் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவேன். என்னைக் கொல்வதா வேண்டாமா என்பதை நானும் என் மருமகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்வோம். அது எங்கள் குடும்ப விஷயம்.