லிஃப்ட் வரலியே

“இந்த மெட்டு யாரோடது தம்பி?”

ஆல்பம் கம்பெனி முதலாளியம்மா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“என்னோடதுதான் மேடம்.”

“எங்கம்மா ஒரு மாசமா இதைத்தான் முணுமுணுக்கிறாங்க. வாதம் வந்து படுத்ததிலேருந்து பேச்சே இல்லை. ஆனா இந்த ‘லிஃப்ட் வரலியே, நீயும் வரலியே’ மெட்டு மட்டும் மூக்காலேயே வருது. அவங்க காலத்துப் பாட்டை என் தலையிலேயே கட்டப் பாக்கறீங்களா?”

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற நம் பாடகன், மேஜைமேல் இருந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தான்.

அவனும் மச்சினனும் போடுகிற பாட்டுக்கு பவர் பாப் என்று பெயர். கிதார் சுவரை இடிக்கும். பல்லவி மட்டும் தேன் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாப்பிட உட்கார்ந்தாலும் போகாது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டும், மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டும் வருஷக்கணக்காகச் சேர்த்த பாட்டுகள். இதுதான் முதல் ஆல்பம். எல்லாக் கம்பெனியும் வாசலோடு அனுப்பியபோது, உட்கார வைத்துக் கேட்டவர் இந்த அம்மா ஒருவர்தான்.

“யாரோட பாட்டுன்னு தெரியாம ஆல்பம் வெளியே வராது.”

“ரொம்ப நன்றி மேடம்,” என்றான் அவன். திட்டினாலும் நன்றி சொல்லிவிட்டு வருகிற ரகம்.

வீட்டில் டிரம்ஸ் வாசிக்கிற மச்சினன் தீர்ப்புச் சொன்னான். “மெட்டை மாத்திடுவோம் மாமா.”

“மாத்தினா நல்லா இருக்குமாடா?”

“மாத்தாட்டி ஆல்பமே இருக்காது.”

அன்று மாலை முழுக்க ஹாலில் உட்கார்ந்து புது மெட்டை அடித்துத் தீர்த்தார்கள். இன்னும் கொஞ்சம் மெருகேற்றி, இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். அனுப்பிய கையோடு போன் வந்தது.

“புதுசுன்னு அனுப்பினீங்களே, இதை எங்கம்மா நேத்தே முணுமுணுத்தாச்சு!”

“நேத்தேவா?”

“திருடறதுதான் திருடறீங்க, எங்கம்மாவுக்குத் தெரியாததாப் பார்த்துத் திருடக் கூடாதா?”

மச்சினன் கண்ணைச் சுருக்கினான். “யாரோ ஒட்டுக்கேக்கறாங்க மாமா. ஹால் வேண்டாம். பாத்ரூமுக்குப் போயிடுவோம்.”

போனார்கள். டிரம்ஸுக்குப் பதில் வாளி. பாத்ரூம் குழாய்கள் கட்டடம் முழுக்கப் போகிறவை என்பது யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை மேல்வீட்டுக்காரர் ஷேவ் செய்துகொண்டே அந்தப் பாட்டைப் பாடினார். கீழ்வீட்டுக் குழந்தை அது இல்லாமல் பல் தேய்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

படியில் பக்கத்து வீட்டு அக்கா எதிர்ப்பட்டாள். தோள்பையை மாட்டிக்கொண்டு காலையில் ஓடுகிறவள். அதற்குமேல் அவளைப் பற்றி இவனுக்கு ஒன்றும் தெரியாது.

“என்ன தம்பி, நேத்து ஹால்ல சத்தத்தையே காணோம்? நான் காத்துக்கிட்டே இருந்தேன்.”

குத்திக்காட்டுகிறாள் என்று இவனுக்குச் சுருக்கென்றது. “மன்னிச்சுடுங்கக்கா, இனிமே தொந்தரவு இருக்காது.” பையில் இருந்த லென்ஸ் துடைக்கிற துணியைக் கையில் திணித்தான். அவள் கண்ணாடியே போடுவதில்லை.

“ஐயையோ, தொந்தரவா?” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், பஸ் வந்துவிடவே ஓடினாள்.

அவனுக்கு இப்போது தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சின்ன வயசில் கேட்டதுதான் மனசில் தங்கிவிட்டதோ? அம்மாவுக்குப் போன் போட்டான்.

“நான் குழந்தையா இருக்கறப்ப என்ன பாட்டும்மா பாடுவே?”

“நான் பாடினா நீ அழுவே. நிறுத்தினாத்தான் தூங்குவே. இப்ப எதுக்கு அது?”

அந்த வழியும் அடைபட்டது. மறுநாள் காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கிதாரும் மச்சினனுமாக முதலாளியம்மாவின் வீட்டுக்கே போனான்.

“மேடம், இன்னிக்கு ஒரு நாள் ஆபீசுக்கு லேட்டாப் போங்க. ஒவ்வொரு பாட்டாப் பாடறேன். உங்கம்மா எதையெல்லாம் முணுமுணுக்கிறாங்களோ, அதையெல்லாம் ஆல்பத்துலேருந்து எடுத்துடறேன்.”

“எல்லாத்தையும் முணுமுணுத்தா?”

“ஆல்பம் வேண்டாம் மேடம். என்னை நம்பின ஒரே ஆள் நீங்க. உங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது.”

சொல்லிக்கொண்டே கிதார் தந்தியை முறுக்கினான். மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜன்னலோரக் கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்து முதலாளியம்மாவின் அம்மா, அந்தப் பெரியம்மா, உட்கார்ந்திருந்தார். இவன் ‘லிஃப்ட் வரலியே’ என்று தொடங்கியதும் மூக்கால் சேர்ந்துகொண்டார். ஒரு சுருதி பிசகவில்லை. ஆல்பம் போயிற்று என்று தெரிந்தும் இவனுக்குச் சிரிப்பு வந்தது. என் பாட்டாக இல்லாவிட்டால்தான் என்ன, இவ்வளவு ஆசையாகப் பாட ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பல்லவி வந்தது. பெரியம்மாவின் வலது கை மெல்ல மேலே எழுந்தது.

“அம்மா!” முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “அந்தக் கை... அசையவே அசையாதே!”

“நிறுத்தட்டுமா மேடம்?”

“பாடுங்க! அடுத்ததைப் பாடுங்க!”

‘உன் குடையில பாதி’ பாடினான். வலது கால் மடங்கி நீண்டது, மடங்கி நீண்டது. தாளம் தப்பவே இல்லை.

“என் டிரம்ஸைவிடக் கரெக்ட்டா இருக்கு மாமா,” என்று மச்சினன் கிசுகிசுத்தான்.

முதலாளியம்மா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். இவன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு கிதாரைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு, தோள்பையும் வேர்த்த முகமுமாக உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டு அக்கா.

“பிசியோ அம்மா வந்துட்டாங்க,” என்று கண்ணைத் துடைத்தார் முதலாளியம்மா. “தினமும் நான் ஆபீஸ் போனப்புறம்தான் வந்து அம்மாவுக்குக் கை, கால் பயிற்சி கொடுப்பாங்க.”

அக்கா கிதாரைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், பெரியம்மாவின் இரண்டு தோளையும் பதமாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? சுவத்துல காதை வச்சு நான் கத்துக்கிட்டு வந்ததுல, கைக்கு லிஃப்ட் பாட்டு, காலுக்குக் குடைப் பாட்டு. அடுத்ததைப் பாடுங்க, அம்மா எழுந்து நிக்கிறது அதுக்குத்தான்!”