சேம்பர் மூடிமேல் ஒரு சூரியகாந்தி

வீடு கட்டியவர்கள் உலகில் கோடானுகோடிப் பேர். ஆனால் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் என்று வரலாறு ஒருவரைத்தான் குறிப்பிட வேண்டியிருக்கும். அலுவலகத்தில் அவருக்குத் 'திட்டம்' என்று பெயர். எதையும் செய்யுமுன் திட்டம் போடுவார்; திட்டம் போட்டபின் எதையும் செய்யமாட்டார். இந்த அரிய குணத்துக்காகவே அவருக்கு அடுத்தடுத்துப் பதவி உயர்வு கிடைத்தது.

குழாய்ப் பராமரிப்பில் அவருடைய முதல் சாதனை முன்வாசலில் பளபளத்தது. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே, தரையோடு தரையாக, முன்பு கழிவுநீர்ச் சேம்பரின் மூடி இருந்தது. அடைப்பு வந்தால் திறந்து குத்தி விடுவதற்காக வீடு கட்டிய கொத்தனார் வைத்தது. துருப்பிடித்த இரும்பு. வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் பட்டது.

"கௌரவமான குடும்பம் தன் கழிவுக்கு இப்படி விளம்பரம் பண்ணலாமா?" என்று கொதித்தார் திட்டம்.

உடனே 'முன்வாசல் எழிலூட்டல்' தொடங்கியது. மூடியை மறைத்து டைல்ஸ் பதித்தார்கள். நடுவில், கண்ணைப் பறிக்கும் மஞ்சளில், ஒரு சூரியகாந்தி மலர்ந்தது. மிஞ்சிய சிமெண்டுக் கரைசலைத் தெருவில் கொட்டுவது 'பொதுச் சுகாதாரத்துக்கு ஊறு' என்பதால், வாளி வாளியாக பாத்ரூமில் ஊற்றித் தம் கையாலேயே தண்ணீர் விட்டு அனுப்பினார். தெருவில் ஒரு துளி அழுக்கு இல்லை. அக்கம்பக்கத்தார் வாயாரப் பாராட்டினார்கள்.

சில மாதம் கழித்துக் கீழ்த்தளத்து பாத்ரூம் பேச ஆரம்பித்தது. மாடியில் யாராவது ஃப்ளஷை அழுத்தினால் கீழே 'களுக், களுக்' என்றது. பிறகு பேச்சோடு நிற்காமல் தண்ணீரையும் வெளியே தள்ளியது.

அதற்கு அடுத்த அறையில்தான் திட்டத்தின் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தார். பட்டன் தைப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது என்று காலந்தள்ளியவருக்கு முதல் முறையாக ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஒரு மருத்துவமனை முழுவதற்கும் வெள்ளைக் கோட்டு. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அறை நிறைய வெள்ளைத் துணி. அறை வாசலில் கறுப்புத் தண்ணீர்.

"ஏங்க, அந்த மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. கோட்டுல கறை பட்டா ஆர்டர் போச்சு. அப்புறம் யாரும் என்னை நம்பித் துணி குடுக்க மாட்டாங்க."

"மூடிமேல சூரியகாந்தி இருக்கேம்மா."

"அதைப் பேத்துட்டுத் திறங்க."

திட்டம் காதைப் பொத்திக்கொண்டார். "எடுத்தோம் கவுத்தோம்னு உடைக்கிறதா? முதல்ல கூட்டம் போடுவோம்."

மாடி ஹாலில் 'கழிவுநீர் ஆலோசனைக் குழு' கூடியது. திட்டம் தலைமை வகித்தார். மனைவி 'பாதிக்கப்பட்ட தரப்பு'. மாடியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த மைத்துனர் 'நடுநிலை உறுப்பினர்'. வீட்டில் அதிகமாக ஃப்ளஷ் செய்பவரும் அவர்தான்.

"தண்ணி எந்நேரமும் வர்றதில்ல," என்றார் தலைவர். "மேல ஃப்ளஷ் பண்றப்ப மட்டும்தான் வருது. அப்ப இது நிரந்தரப் பிரச்சினையே இல்ல."

"அருமையான பாயிண்ட், அத்தான்!" என்றார் நடுநிலை உறுப்பினர்.

"அதனால, ஃப்ளஷ் பண்றதுக்கு முன்னாடி மேலேருந்து ஒரு குரல் குடுப்போம். நீ காலைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கோ."

"காலைத் தூக்கி வச்சுக்கிட்டா மெஷினை யாருங்க மிதிக்கிறது?"

இந்தக் கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

'முன்னறிவிப்புத் திட்டம்' அன்றே அமலுக்கு வந்தது. மேலிருந்து "வருது!" என்று குரல் கேட்கும். கீழே மனைவி துணிக்கட்டை வாரி மேஜைமேல் போட்டுவிட்டுக் காலைத் தூக்கிக்கொள்வார். தண்ணீர் வந்து போனதும் தரையைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைப்பார். திட்டமும் சும்மா இருக்கவில்லை. கடையில் விற்ற 'அடைப்பு நீக்கி'ப் பொடியை டப்பா டப்பாவாகக் கொட்டினார். அதற்குப் பிறகு தண்ணீர் எலுமிச்சை வாசனையோடு வந்தது. இது கண்கூடான முன்னேற்றம் என்று குழு பதிவு செய்தது.

வியாழக்கிழமை நடுநிலை உறுப்பினர் போன் பேசிக்கொண்டே பாத்ரூம் போனார். குரல் கொடுக்க மறந்துவிட்டார். தண்ணீர் வாசலைத் தாண்டி அறைக்குள் வந்து, ஒரு கோட்டின் கையை நனைத்தது.

மனைவி கறை பட்ட கோட்டை ஓரமாக வைத்தார். படிக்கட்டுக்கு அடியிலிருந்த சம்மட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். முதல் அடியில் சூரியகாந்தியின் இதழ்கள் நாலாபக்கமும் தெறித்தன.

"ஐயையோ! தீர்மானமே நிறைவேறலையே!" என்று ஓடி வந்தார் திட்டம்.

"இப்ப நிறைவேறுது," என்று அடுத்த அடி போட்டார் மனைவி.

மனைவி போன் போட்டு வரவழைத்த பிளம்பர் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், சேம்பருக்குள்ள யாரோ சிமெண்டுத் தளம் போட்டிருக்காங்க. குழாய் வாயில ஒரு விரல் சந்துதான் பாக்கி. ஆனா நல்லா நைசாப் போட்டிருக்காங்க."

"எல்லாம் அத்தான் கைவேலைதான்!" என்றார் மைத்துனர், பெருமையோடு.

"இப்பவே செதுக்கி எடுத்துடவா, சார்?"

"அதெல்லாம் அடுத்த வாரம் நிதானமாப் பார்க்கலாம்," என்றார் திட்டம். "முதல்ல சூரியகாந்தித் துண்டுங்களைப் பத்திரமாப் பொறுக்கி வைங்க."

"அதுவும் சரிதான், சார்," என்று பிளம்பர் உட்கார்ந்து இதழ் பொறுக்க ஆரம்பித்தார்.

இதை மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். நடுநிலை உறுப்பினர் தையல் மெஷினை மாடிக்குத் தூக்கினார். துணியெல்லாம் திட்டத்தின் அறைக்குப் போயிற்று. அங்கிருந்த எழுத்து மேஜையும் சுழல் நாற்காலியும் கீழே வந்தன.

"என்னம்மா இது?"

"நாளைக்குக் கோட்டு குடுக்கணும். நான் மேல தைக்கிறேன். நீங்க கீழ உட்கார்ந்து நிதானமாத் திட்டம் போடுங்க."

திட்டம் பெருந்தன்மையோடு சம்மதித்தார். பராமரிப்பில் பொறுமை வகிக்கும் இடம் பற்றிச் தெருக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து குறிப்பெழுதத் தொடங்கினார். தலைக்கு மேலே மெஷின் கடகடவென்று ஓடியது. சற்றுக் கழித்து நின்றது.

"ஏங்க! வருது! காலைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்குங்க!"

சுழல் நாற்காலியில் இருந்துகொண்டு காலைத் தூக்குவது லேசான காரியமில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எலுமிச்சை வாசனையோடு வந்த அது, அவருடைய வெறும் பாதத்தைத் தொட்டது.

அடுத்த கணம் திட்டம் வாசலில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "அந்த இதழையெல்லாம் தூக்கி எறிங்கய்யா! உளியை எடுங்க! இப்பவே, இந்த நிமிஷமே உடைங்க!" என்று கத்திவிட்டு, பிளம்பர் கையிலிருந்த சுத்தியலைத் தாமே பிடுங்கிக்கொண்டு சேம்பருக்குள் குனிந்தார். மாடியில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் அடைப்பு எடுபட்டது. வெள்ளிக்கிழமை கோட்டுகளும் போய்ச் சேர்ந்தன.

இவ்வாறாக, கூட்டமும் குழுவும் தீர்மானமும் இல்லாமலேயே ஒரு கழிவுநீர்க் குழாயைப் பழுதுபார்க்க முடியும் என்ற மாபெரும் உண்மையை அவர் உலகுக்கு நிரூபித்தார். தண்ணீர் சரியான ஆளின் காலைத் தொட்டால் போதும்.