மைத்துனியின் இணைய முகவரி காலாவதியான வைபவம்

மனிதகுலத்தின் தலையாய கண்டுபிடிப்பு சக்கரம் என்பார்கள். சக்கரத்திடம் போய், "மாடிவீட்டு ஆடிட்டர் நிஜமாகவே வெளிநாடு போயிருக்கிறாரா?" என்று கேட்டுப் பாருங்கள். உருண்டு போய்விடும். பதில் சொல்லக்கூடிய கருவி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதன் திருநாமம் 'ஹூயிஸ்'. 'இது யார்' என்பதை ஆங்கிலத்தில் ஒட்டி எழுதியது. எங்கள் தெருவில் ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஆதிகாலம் தொட்டு ஒலித்துவந்த கேள்வி கடைசியில் கணினிக்கும் எட்டியிருக்கிறது என்பதில் எங்களுக்குப் பெருமைதான்.

செய்முறை எளிது. கணினியில் கருப்புத் திரை ஒன்றைத் திறக்க வேண்டும். 'ஹூயிஸ்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்ட வேண்டும். அந்தப் பெயர் எப்போது பதிவானது, எப்போது காலாவதியாகிறது, யார் பேரில் இருக்கிறது என்று மடமடவென்று ஒப்பிக்கும். பெயருக்குப் பதில் ஐ.பி. எண்ணை, அதாவது ஓர் இணைய இணைப்பின் கதவிலக்கத்தைக் கொடுத்தால், அது எந்த நாட்டில் எந்த நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது என்று சொல்லும். எல்லாவற்றையும்விட முக்கியம், "உங்களுக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கேட்காது.

இந்த ஞானத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் 'விசாரணை'. பேருந்து நிலையத்து விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. வேலையில் இருந்தவரை ஊரே அவரிடம் கேட்டது. அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். பெரும்பாலும் ஒரே பதில்: "அடுத்த கவுண்டர்ல கேளுங்க." ஓய்வுக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அதனால் அவர் கேட்க ஆரம்பித்தார்.

விடுமுறைக்கு வந்த மருமகன்தான் முதலில் மாட்டினார்.

"மாப்பிள்ளை, உங்க கம்பெனி எப்ப ஆரம்பிச்சது?"

"தெரியலை மாமா."

"முதலாளி யாரு? சொந்தப் பேர்ல வச்சிருக்காரா, பொண்டாட்டி பேர்லயா?"

"மாமா, இங்க உட்காருங்க. இதைத் தட்டுங்க. எல்லாம் இதுலயே வரும்."

தட்டினார். வந்தது. மருமகன் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்து வந்தது தெருவின் பொற்காலம். பல் டாக்டரின் இணையதளத்தில் 'தலைமுறை தலைமுறையாக உங்கள் புன்னகைக்காக' என்று போட்டிருந்தது. போன மழைக்காலத்தில் பதிவு செய்த தளம் என்றது ஹூயிஸ். தளத்தின் வயது வேறு, டாக்டரின் வயது வேறு என்று நியாயமாக யோசித்திருக்கலாம். நியாயமாக யோசிக்கிற அளவுக்கு எங்களுக்கு எங்கே நேரம்? அடுத்து ஆடிட்டர். 'வெளிநாட்டில் இருப்பதால்' குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வர இயலவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினார். அதன் உள்ளே புதைந்திருந்த ஐ.பி. எண்ணைத் தோண்டியெடுத்துத் தட்டினார் விசாரணை. நம் ஊர் எல்லையைத் தாண்டிக் கம்பி இழுக்காத உள்ளூர் இணைப்புக் கம்பெனியின் எண்! கூட்டம் பாதியில் நின்றது. எல்லாரும் எழுந்துபோய் ஆடிட்டரின் கதவைத் தட்டினோம். லுங்கியோடு வந்து திறந்தார்.

விசாரணையின் முறையில் ஒரேயொரு சிறப்பு உண்டு. ஹூயிஸ் பக்கம் பக்கமாகச் சொல்லும். விசாரணை ஒருநாளும் அதை முழுக்க வாசித்ததில்லை. வெளியே சொல்லத்தக்க முதல் வரி கண்ணில் பட்ட மாத்திரத்தில் செருப்பைத் தேடுவார்.

ஆடிட்டர் சும்மா இருப்பாரா? சங்கத்தில் எகிறினார். 'அண்டை அயலாரின் பதிவுகளைத் துருவுதல் தகாது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். துருவியது என்ன என்று முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் போட்டோம். அன்று விசாரணையை வீட்டில் மனைவி வழி மறித்தார்.

"ஏங்க, என் தலைமேல கை வச்சு சொல்லுங்க. இனிமே யார் பேரையும் அந்தக் கருப்புல தட்ட மாட்டேன்னு."

கை வைத்தார். சொன்னார். சத்தியத்தை உயிராகக் காத்தார், மறுநாள் மனைவி காய்கறி வாங்கக் கிளம்பும்வரை.

வெளியார் பேரைத்தானே தட்டக் கூடாது, குடும்பத்தார் பேரைத் தட்டலாமே என்று, மனைவியின் தங்கை நடத்தும் கடையின் தளத்தைத் தட்டினார். மைத்துனி மருத்துவக் கட்டில்களையும் சக்கர நாற்காலிகளையும் வாடகைக்கு விடுபவள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு ஆரம்பித்த தொழில். ஆஸ்பத்திரியில் "அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன நிமிஷம் கையும் காலும் ஓடாமல் நிற்கும் பிள்ளைகள் அந்தத் தளத்தைப் பார்த்துத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். தளம் போனால் கடை போன மாதிரி.

திரையில் மேலேயே இருந்தது அந்த வரி. அடுத்த வாரம் காலாவதி.

உடனே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார். சொன்னால் "எப்படித் தெரியும் அத்தான்?" என்பாள். அது அக்கா காதுக்குப் போகும். அக்கா தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். விசாரணை உட்கார்ந்துவிட்டார். பிறகு வேறொரு வழி தோன்றியது. எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் சொன்னால் அவள் மைத்துனியிடம் சொல்லிவிடுவாள் அல்லவா?

"ரகசியமா வச்சுக்கம்மா. என் மச்சினி கடைப் பேரு அடுத்த வாரம் காலாவதி ஆகுது."

"அய்யோ பாவம்! நான் எதுக்குண்ணே சொல்லப் போறேன்?"

அவள் சொன்ன சொல் தவறவில்லை. மைத்துனியிடம் சொல்லவேயில்லை. மருந்துக் கடைக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவரும் தமக்கு நம்பிக்கையானவர்களிடம் மட்டும் சொன்னார். எங்கள் தெருவில் நம்பிக்கையற்றவர்கள் யாரும் கிடையாது. தெருமுனையை அடைவதற்குள் 'பேர் முடிகிறது' என்பது 'கடை முடிகிறது' என்றாகி, திரும்பி வரும்போது 'அவளுக்கே ஏதோ முடியலையாம்' என்றாகியிருந்தது.

இரண்டொரு நாளில் மைத்துனி அக்கா வீட்டுக்கு வந்தாள். விசாரணை செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"அக்கா, தெருவுல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. தையல்கார அக்கா கட்டிப்பிடிச்சு அழுவுது. மருந்துக் கடைக்காரர், கட்டிலெல்லாம் மொத்தமா குடுத்தா சகாய விலைக்கு எடுத்துக்கறேங்கறாரு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வாய்ல அடிச்சுக்கடி! ஏங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

செய்தித்தாள் கொஞ்சம் இறங்கியது. சொல்லிவிட வாயைத் திறந்தார். அந்தச் சமயம் பார்த்து மனைவி தலைமுடியைக் கோதி ஒதுக்கிக்கொண்டார்.

"எல்லாம் நேரம்மா," என்றது செய்தித்தாள்.

குறித்த நாளில் தளம் போயிற்று. இருந்த இடத்தில் யாருடைய விளம்பரமோ பல்லைக் காட்டியது. மைத்துனிக்கு அதுகூடத் தெரியாது. 'இந்த வாரம் என்ன, ஒரு அழைப்பும் காணோம்' என்று நாற்காலிச் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாக, முன்பு எப்போதோ கட்டில் எடுத்த ஒருவர் பழைய ரசீதில் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார். "கடையை மூடிட்டீங்களாமே? அப்பாவை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வேற இடத்துல எடுத்துட்டோம். சும்மா, உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு…"

பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வரவேற்பு மேசையில் ஒட்டியிருந்த அவள் கடைச் சீட்டைக் கிழித்துவிட்டு, வேறு கடைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். பசைகூட இன்னும் காயவில்லை.

தளத்தில் வேறு ஏதோ விளம்பரம் வருகிறது என்று அங்கே சொன்னார்கள்; பேர் காலாவதி என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது அத்தான்தான் என்று வழியில் தையல்கார அக்கா சொன்னாள். அங்கிருந்து அத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"அந்தக் கருப்பைத் திறங்க அத்தான்."

விசாரணை மனைவியைப் பார்த்தார்.

"திறங்க. என் தலை எப்பவோ வெடிச்சிருக்கணும். கெட்டி மண்டை, தாங்கிடுச்சு."

தட்டினார். வரிகள் ஓடி வந்து நின்றன.

"ஆமாம்மா, காலாவதிதான். ஆனா பேரை இன்னும் யாரும் எடுக்கலை. கெடு இருக்கு, மீட்டுடலாம்," என்று எழுந்து, பழக்கதோஷத்தில் செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க அத்தான்? உட்கார்ந்து கீழ வாசிங்க. மீட்கணும்னா பேருக்குச் சொந்தக்காரங்கதானே மீட்கணும்? யார் பேர்ல இருக்கு?"

கீழே. அந்தப் பிரதேசத்துக்கு அவர் போனதே இல்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது. முகவரி அவர் வீடு. தொடர்புக்கு அவர் மின்னஞ்சல். கடை ஆரம்பித்தபோது, "பெரியவங்க பேர்ல இருந்தா ஒரு மதிப்பு" என்று தாமே முன்வந்து விவரம் நிரப்பியது மெதுவாக நினைவுக்கு வந்தது.

மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தார்கள். 'அன்புள்ள உரிமையாளருக்கு, தங்கள் பெயர் விரைவில் காலாவதியாகிறது' என்று பணிவாக ஒன்று. 'நினைவூட்டல்' என்று ஒன்று. 'கடைசி நினைவூட்டல்' என்று, பாவம், பலமுறை. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சொந்தப் பெட்டியில் சொந்த விஷயம்தானே இருக்கும்? அதில் என்ன சுவாரசியம்?

பேரை மீட்டார்கள். கிழிந்த சீட்டை மீட்கும் கட்டளை அந்தக் கருப்புத் திரையில் இல்லை. மைத்துனி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அத்தான், ஒரு விஷயம் தெருவுக்குத் தெரியணும்னா உங்ககிட்ட சொல்லிட்டா போதும், சரி. எனக்குத் தெரியணும்னா நான் யாரைக் கேக்கணும்?"

ஓய்வு பெற்ற பிறகு, கவுண்டரில் கேட்பது போல் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. உதடு தானாக அசைந்தது.

"அடுத்த கவுண்டர்ல…"

அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். அடுத்த கவுண்டரில் நாங்கள்தான் இருந்தோம். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டோம்.