பட்டம் சாராத தம்பி

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அக்கா லொரெட்டாவுக்கு,

ஈரி நகரத்திலிருந்து தம்பி ஹார்லன். நானும் என் வீட்டுக்காரி நோரீனும் சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் பனியோடு சேர்ந்து கரைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படி. அத்தானையும் கூப்பிட்டு உரக்கப் படி.

போன நவம்பர் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே, உறவுக்கூட்டம் முழுவதன் முன்னால் கேட்டாயே, "பட்டம் சாரா மாணவனா? அப்படின்னா என்னடா? கல்யாணத்துக்குப் போயிட்டுச் சாப்பிடாம வர்ற மாதிரியா?" என்று! வாயில் உருளைக்கிழங்கு இருந்ததால் அன்று பதில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் மேற்படிப்பை வீட்டிலிருந்தே கணினி வழியாகப் படிக்க இரண்டு வாசல். முன்வாசல் பட்ட மாணவர்களுக்கு: பழைய மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், ஏன் படிக்கிறேன் என்று ஒரு கட்டுரை. நான் முதலில் போய் முட்டியது அதில்தான். கல்லூரியில் நான் வாங்கிய மதிப்பெண் உனக்கே தெரியும், வேண்டாமென்று விட்டார்கள். பக்கவாசல் பட்டம் சாராதவர்களுக்கு: இளநிலைப் பட்டம் இருந்தால் போதும், வேண்டிய பாடத்தை ஒவ்வொன்றாகப் படிக்கலாம். நன்றாகத் தேறினால் மறுபடி முன்வாசலைத் தட்டலாம். உள்ளே விட்டால், படித்ததில் சில பாடங்கள் பட்டக் கணக்கிலும் சேரும். இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை அக்கா. எங்கள் தொழிற்சாலையில் மின்விசிறி இரைச்சலைக் குறைக்கும் பிரிவுக்கு மாற மேற்படிப்பில் பட்ட மாணவனாகச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை மின்விசிறிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் வகுப்பிலேயே மானம் போயிற்று. மைக் திறந்திருப்பது தெரியாமல், "நோரீன், இந்தாளு என்ன பேசுறாருன்னே புரியலடி" என்று கத்திவிட்டேன். திரையில் பேராசிரியை வான்ஸ்டோன், "ஹார்லன், நான் 'இந்தாளு' இல்ல, 'இந்தம்மா'. எந்த இடம் புரியல, சொல்லுங்க" என்றார். நான் மேசைக்கு அடியில் ஒளிவதற்குள், "எனக்கும் புரியல", "எனக்கும்" என்று மற்ற மாணவர்கள் திரையில் வரிசையாக எழுதினார்கள், அதில் ஒருத்தி நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி! அப்புறம் வந்தது வீட்டுப்பாடம், ஒரு அறையில் சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கணும், நான் குளியலறையில பலூன் பலூனா உடைச்சேன், பக்கத்து வீட்டு பாஸ்குவாலி அம்மா துப்பாக்கிச் சூடுன்னு போலீசைக் கூப்பிட்டுட்டாங்க.

"உள்ள என்ன வெடிச்சது?"

"பலூன் சார்."

"எதுக்கு?"

"வீட்டுப்பாடம்."

"உங்களுக்கு என்ன வயசு?"

கடைசி பலூனைப் போலீஸ்காரரே கேட்டு வாங்கி உடைத்தார். அந்த அளவுதான் எல்லாவற்றிலும் சுத்தமாக வந்தது.

இப்போது காதைத் தீட்டிக்கொள். பக்கவாசலில் எடுத்த இரண்டு பாடத்திலும் முதல் தரம்! வான்ஸ்டோன் அம்மாவே பரிந்துரை எழுதினார். நேற்று முன்வாசல் திறந்துவிட்டது, படித்த பாடங்களும் கணக்கில் சேர்ந்துவிட்டன, திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இரைச்சல் பிரிவு. நோரீன் சமையலறையிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், நானும்தான். இனி யார் கேட்டாலும், "என் தம்பி பட்ட மாணவன்" என்று சத்தமாகச் சொல். மன்னிப்பெல்லாம் வேண்டாம். தலைகுனிவு போதும்.

உன் வீட்டில் எல்லோரும் காது கூர்மையோடும் நாக்கு அடக்கத்தோடும் நீடூழி வாழ வேண்டும்.

வெற்றி பெற்ற தம்பி,
ஹார்லன்

பி.கு.: இப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபோன். பட்ட மாணவர்கள் ஜூன் மாதம் இரண்டு வாரம் ஆய்வகத்துக்கு நேரில் வர வேண்டுமாம். உங்கள் ஊரில் ஒரு ஹோட்டலிலும் இடமில்லை. உன் மாடியறை காலியா, அக்கா? மேலே உன் மனதைப் புண்படுத்திய வரி ஏதாவது இருந்தால், அது நோரீன் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அத்தானுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

பி.பி.கு.: நோரீன் இதைப் படித்துவிட்டாள். இன்று ராத்திரியே வரலாமா?