விஞ்ச் வைத்த கோழிக்கூடு

இனிமேல் ஒரு லாரிகூட வாங்குவதில்லை என்று நான் சபதம் செய்த மறுநாள், கோழிகளுக்கு நடுவே ஒரு லாரியைப் பார்த்தேன்.

சபதம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. ஊரில் எல்லாருடைய மீட்டரையும் நான் பார்க்கிறேன். என் மீட்டரை என் மனைவி பார்க்கிறாள். இந்த வேலையில் சம்பளம் தவிர இன்னொரு வசதியும் உண்டு. எந்தக் கொல்லைக்குள்ளும் யாரும் தடுக்காமல் நுழையலாம். பழைய பட்டாள லாரிகள் கொல்லைகளில்தான் கிடக்கும். பட்டாளம் கழித்துக்கட்டிய வண்டியை யாரோ ஏலத்தில் எடுத்திருப்பார்கள். கொஞ்ச காலம் மரம் ஏற்றுவார்கள், கல் ஏற்றுவார்கள். பிறகு ஒருநாள் நின்ற இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அதன்மேல் கொடி படரும். கடைசியில் என் கண் படும்.

அப்படி ஒன்றைச் செங்கல் சூளைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு இழுத்து வந்து, பல வருஷம் உருண்டு புரண்டு, ஓட வைத்தேன். மூன்று டன் வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதன் பின்பலகையில் எந்தச் சிப்பாயோ ஆணியால் ஒரு பூவைக் கீறியிருந்தான். எங்கே போகிறோம், திரும்பி வருவோமா என்று தெரியாத ஒருவன், குலுங்கிக்கொண்டு போகிற வண்டியில் உட்கார்ந்து பூ வரைந்திருக்கிறான். நான் பச்சை பெயிண்ட் அடித்தபோது அந்தப் பூவை மட்டும் விட்டுச் சுற்றி அடித்தேன். ஏன் இந்த வண்டிகள்மேல் இத்தனை பைத்தியம் என்று யாராவது கேட்டால், அந்தப் பலகையைத்தான் காட்டுவேன். கேட்டவர்கள் பூவைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு கிளம்பிவிடுவார்கள்.

வண்டியை நிறுத்த வீட்டில் ஒரே இடம்தான் உண்டு. பக்கவாட்டுச் சந்து. அங்கே நிறுத்தினால் முன்னறை ஜன்னல் முழுசாக அடைபடும். ஜன்னலோரத்தில் என் மனைவியின் தையல் மெஷின். பாதித் தெருவுக்கு அவள்தான் துணி தைக்கிறாள். லாரி வந்த நாளிலிருந்து பட்டப்பகலில் ட்யூப்லைட் போட்டுக்கொண்டு தைத்தாள். கையில் இருப்பது கறுப்பு நூலா கருநீல நூலா என்று தெரியாமல், வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். லாரிக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி.

போன மாசம் தடிமனாக ஒரு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வெளிச்சத்துல தைக்கச் சொன்னார்."

"நல்ல ட்யூப்லைட்டா மாத்திடலாம்."

"சக்களத்தியை மாத்திடலாம்."

"அதை எங்க கொண்டுபோய் நிறுத்தறதும்மா? தெருவுல விட்டா ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப என்னைத் தெருவுல நிறுத்துங்க. நான் கம்மியாத்தான் இடம் அடைப்பேன். என்னை யாரும் கழட்டவும் மாட்டாங்க."

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. லாரியை எடுக்கவும் மனசு வரவில்லை. அதனால்தான், அவள் கேட்டதற்குப் பதிலாக அவள் கேட்காத ஒன்றைக் கொடுத்தேன். "இனிமே இன்னொரு லாரி வாங்க மாட்டேன். இது சத்தியம்" என்றேன். பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

மறுநாள் ஊர்க்கோடியில் கோழிப்பண்ணைக்கு மீட்டர் பார்க்கப் போனேன். மீட்டர் இருப்பது தீவன அறைச் சுவரில். அதற்குப் பின்னால் வலை கட்டி நிறையக் கோழிகள். கோழிகள் ஏறி இறங்குவது ஏதோ தகரக் கொட்டகை என்று நினைத்தேன். கொட்டகைக்கு ஹெட்லைட் இருந்தது. அடுத்து பானெட் தெரிந்தது. அதற்கும் முன்னால், பம்பரில், விஞ்ச்.

விஞ்ச் என்றால், இரும்புக் கயிறு சுற்றிய ஓர் உருளை. வண்டி சேற்றில் மாட்டினால் கயிற்றை எதிரே ஒரு மரத்தில் கட்டி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். குடும்பஸ்தன் ஒவ்வொருவனுக்கும் ஒன்று மாட்டிவிடலாம். என் லாரியும் இதே ரகம்தான், ஆனால் அதில் விஞ்ச் கிடையாது. விஞ்சோடு ஒன்றைப் பார்க்க மாட்டோமா என்று நான் கொல்லை கொல்லையாகத் தேடியிருக்கிறேன்.

இந்த வேட்டையில் என்னைப் போன்ற லாரிப் பைத்தியங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வாங்கப் போகிறவன் வண்டியைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால், அதுவரை குப்பையாக இருந்தது அந்த நிமிஷமே பரம்பரைச் சொத்தாகிவிடும். தண்ணீர்த் தொட்டியை விசாரிக்கலாம், வெயிலைத் திட்டலாம். கிளம்பும்போது போகிறபோக்கில், "அது என்னங்க அங்க, இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று கேட்க வேண்டும். நான் விறைப்பாக மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, மீட்டர் ரொம்ப வேகமா ஓடுதா?" என்றபடி பண்ணைக்காரம்மா வந்தார்.

"இல்லீங்கம்மா, சரியாத்தான் ஓடுது."

"சீக்கிரம் எழுதிட்டுப் போங்க. பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன். மாசக் கடைசியில பின்னாடி கிடக்கற லாரியை வெட்டி எடுத்துட்டுப் போறாராம். இந்த இடத்துல புது ஷெட் போடணும்."

வெட்டி எடுப்பதா? அந்த மாசம் பண்ணைக்கு நான் என்ன எழுதினேன் என்பது எனக்கே தெரியாது.

நேராக என் கூட்டாளி வெல்டரிடம் ஓடினேன். பேச்சிலும் வேலையிலும் பொறி பறப்பதால் அவனைத் தீப்பொறி என்றே கூப்பிடுவோம்.

"தனியாப் போய்க் கேக்காதீங்கண்ணே" என்றான். "ஆம்பளை தனியா வந்து கொல்லையைச் சுத்திப் பார்த்தா, லாரிக்காரன்னு மோப்பம் பிடிச்சிடுவாங்க. அண்ணியைக் கூட்டிக்கிட்டுப் போங்க. முட்டை வாங்க வந்த குடும்பம்னு நினைப்பாங்க."

"உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"அண்ணிகிட்டயும் முட்டைன்னே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். பண்ணை வாசலில் இறங்கியதும் நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மரத்தைப் பார்த்தேன். என் செருப்பைப் பார்த்தேன். பின்பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. என் நடிப்பில் எனக்கே பெருமை. என் மனைவி என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, கோழியெல்லாம் பின்னாடியா இருக்கு?" என்று பண்ணைக்காரம்மாவோடு நேரே லாரிப் பக்கம் நடந்தாள். நான் முன்னாலேயே நின்று வெயில் காய்ந்தேன். உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வந்தது. திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு அட்டை முட்டை இருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த லாரிக்கு முன்னாடி கயிறு சுத்தின உருளை இருக்கே. அது பேர் என்ன?"

"எந்த லாரி?"

"துருப்பிடிச்ச ஆணி கிடந்தாக்கூட வண்டியை நிறுத்தி எடுக்கற ஆள் நீங்க. இன்னிக்கு ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க. உங்க ஆகாசத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"விஞ்ச்" என்றேன் சன்னமாக.

"சபதம்?"

"லாரி வாங்க மாட்டேன்னுதான் சொன்னேன். அது லாரி இல்லம்மா. கோழிக்கூடு."

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவளாகவே பண்ணைக்குப் போக ஆரம்பித்தாள். முட்டை வாங்க என்பாள். கையில் தையல் பையும் இருக்கும். பண்ணைக்காரம்மாவுக்கு அளவெடுத்து ஏதோ தைக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். வீட்டில் முட்டை குவிந்தது. காலையில் முட்டை, ராத்திரியில் முட்டை. நான் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் சாப்பிட்டேன்.

மாசக் கடைசி நெருங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் தீப்பொறியும் வீட்டில் இருந்தபோது அவளிடம் கெஞ்சினேன்.

"உனக்கும் அந்தம்மாவுக்கும்தான் நல்ல பழக்கமாச்சே. நீ கேட்டா கொடுப்பாங்க. இன்னும் ரெண்டு நாள் போனா வெட்டிடுவாங்கம்மா. அதுல எத்தனை பேர் போயிருப்பாங்க, வந்திருப்பாங்க. இந்த விஞ்ச் எத்தனை வண்டியை இழுத்துக் காப்பாத்தியிருக்கும். அதைப் போய்த் துண்டு துண்டா வெட்டறதா?"

என் குரல் உடைந்தது. இந்தத் தடவை அது நடிப்பில்லை. அவள் மெஷினை நிறுத்தினாள்.

"சரி, நான் பேசறேன். நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது. உங்க மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். அவங்க பதிலுக்கு ஏதாவது கேட்டா?"

"என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிட்டு வா."

"என்ன கேட்டாலுமா?"

"என்ன கேட்டாலும்." அந்தம்மா கேட்டால் துணி தைத்துக் கொடுக்கச் சொல்வார், தைக்கப்போவது இவள்தானே என்பது என் எண்ணம்.

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது. தம்பி, நீ கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுட்டேன் அண்ணி" என்றான் தீப்பொறி. கூட்டாளி என்று நம்பியவன் சாட்சியாகிவிட்டான்.

மறுநாள் மதியம் வந்து, "முடிஞ்சது. காசு வேண்டாம்னுட்டாங்க. நாளைக்குக் காலையில அவங்களே வர்றாங்க" என்றாள். எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியான தூக்கம் பல வருஷமாக வந்ததில்லை.

காலையில் பண்ணைக்காரம்மா ஒரு டிரைவரோடு வந்து இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராகச் சந்துக்குள் போனார். என் லாரியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கீங்க தம்பி. எங்க பாதை சேறுன்னு தெரியுமே. மழை பெய்ஞ்சா தீவன வண்டி ஒண்ணும் உள்ள வர மாட்டேங்குது. மூட்டையைத் தலையில சுமந்து மாளலை. இது நாலு சக்கரமும் இழுக்கும்னு தங்கச்சி சொன்னா. சாவியைக் கொடுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"அதுக்கு இது. மாத்திக்கறாங்க. உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா கொடுக்க வேண்டாம். இரும்புக்காரர் மதியம் வர்றாராம்."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. என் கை அதன்மேல் இருந்தது. ஓட வைத்த பிறகு இந்த வண்டிக்கு நான் செய்தது என்ன? வாரத்துக்கு ஒருமுறை துடைப்பேன். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பேன், அணைப்பேன். மூட்டை சுமக்கப் பிறந்த வண்டியை ஜன்னலுக்குத் திரை மாதிரி தொங்கவிட்டிருக்கிறேன். அங்கே ஒன்று வெட்டுப்பட இருக்கிறது, இங்கே ஒன்று வெட்டியாக நிற்கிறது. பின்பலகைக்குப் போய் அந்தப் பூவை ஒரு தடவை தொட்டேன்.

"இதுமேல மட்டும் பெயிண்ட் அடிச்சிடாதீங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

"அடிக்க மாட்டேன் தம்பி. தங்கச்சி முதல்லயே சொல்லிட்டா" என்றார் அவர்.

லாரி கேட்டைத் தாண்டித் தெருமுனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிடும்போல இருந்ததால் உள்ளே போனேன். முன்னறையில் வெயில் விழுந்திருந்தது. மெஷின்மேல், துணிமேல், அவள்மேல். நூல் பெட்டியில் எத்தனை நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் காதோரத்தில் இத்தனை நரை இருப்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் வாசலுக்குப் போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே கருநீல நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

ஆனால் நான் நான்தானே. வேறொன்று வந்துவிட்டது.

"கிரேனுக்குச் சொல்லிடறேன். நாளைக்கே அதைக் கொண்டு வந்துடலாம்."

"எங்க?"

"இதே சந்துலதான். உனக்கு வெளிச்சம் மறைக்காம கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கறேன்."

"நிக்காதுங்க."

"ஏன் நிக்காது? ரெண்டும் ஒரே ரகம். அளவும் ஒண்ணுதான்."

"அதுல விஞ்ச் இருக்கே." மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முட்டை வாங்கப் போனப்பல்லாம் இன்ச் டேப் வச்சு அளந்தேன். நம்ம சந்தோட நீளத்தையும் அளந்தேன். நீங்க எப்படித் தள்ளி நிறுத்தினாலும் ஒரு முழம் வெளியே நீட்டும். கேட்டை மூட முடியாது. விஞ்ச்சைக் கழட்டிட்டா கச்சிதமா நிக்கும். கழட்டிடலாமா?"

விஞ்ச் இல்லாத லாரியைத்தான் சற்று முன் தெருமுனைவரை வழியனுப்பிவிட்டு வந்திருந்தேன்.

"அக்கா பண்ணையிலேயே மரத்தடியில அதுக்கு இடம் ஒதுக்கிட்டாங்க. அவங்களுக்குக் கொடுத்த லாரி மக்கர் பண்ணா நீங்க பார்த்துக்கொடுப்பீங்கன்னு சொல்லியிருக்கேன். என்ன கேட்டாலும் சரின்னு சொல்லச் சொன்னீங்களே" என்றாள், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

விஞ்ச் வைத்த லாரி இப்போது கோழிப்பண்ணையில் மரத்தடியில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும்.